படத்தில் காண்பவர்

செப்டம்பர் 3, செவ்வாய்

காலையிலேயே குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. ஸ்தோத்திரம்.

தினம் ஒரு நன்றியாவது எழுதுங்கள், முணுமுணுப்பு குறையும் என்று பாஸ்டர் அம்மா பெண்கள் கூட்டத்தில் சொன்னதிலிருந்து எழுதி வருகிறேன். முணுமுணுப்பு அப்படியேதான் இருக்கிறது. எழுதுகிற பழக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டது.

இன்று கிருபாபுரம் முழுக்க ஒரே பேச்சு. குப்பை அள்ளுகிறவர்கள் வேலைநிறுத்தம் ஆரம்பித்துவிட்டார்கள். ஒப்பந்தக்காரரிடம் அல்லாடியது போதும், நகராட்சியே எங்களை நிரந்தரமாக்க வேண்டும் என்று நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே பந்தல் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் நடுவில் என் நாத்தனார் பியூலா. சட்டம் படித்தவள், கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டவள், இந்த ஊரின் பெரிய மசாலாக் கம்பெனிக்கு ஒரே மகள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கோஷம் போடுகிறாளாம்.

மத்தியானம் போன் செய்தாள். "மைனி, பிளாஸ்க்ல டீ இருந்தா குடுத்துவிடுங்க. இங்க உள்ள கடைக்காரன் எங்களுக்கு டீ தரமாட்டேங்கான்."

இரண்டு பிளாஸ்க் கொடுத்தனுப்பினேன். டீ கொடுப்பது அரசியல் இல்லை. நான் எந்தப் பக்கமும் இல்லை.

செப்டம்பர் 5, வியாழன்

மிளகாய் செட்டுப் பக்கம் போய்த் தும்மித் தீர்த்துவிட்டேன். பதினெட்டு வருடமாகியும் எனக்கு அந்த நெடி பழகவில்லை. காம்பு கிள்ளுகிற பெண்களுக்கு எப்படிப் பழகியதோ. முத்துப்பேச்சி எழுந்து வந்து, "யம்மா, மேக்கூரைல ஒரு தகரம் பெயந்து கெடக்கு, வெயிலு நேரா மண்டைல விழுது" என்றாள். பியூலா வந்ததும் சொல் என்றேன். செட்டும் ஆட்களும் பியூலாவின் பொறுப்பு. டீலர், கடிதம், விளம்பரம் எல்லாம் நான். வங்கியும் கொள்முதலும் என் வீட்டுக்காரர் எட்வின். எல்லாருக்கும் மேலே மாமா.

எங்கள் பாக்கெட்டைப் பார்க்காதவர்கள் இந்தப் பக்கத்தில் குறைவு. சிவப்புத் தாள், நடுவில் வட்டம், வட்டத்துக்குள் இரட்டைச் சடை போட்ட குண்டுக் குழந்தை. 'பாப்பா மார்க்'. அந்தப் பாப்பா பியூலாதான், இரண்டு வயதில் எடுத்த படம். கம்பெனியின் பெயர் ஞானதிரவியம் அன் சன்ஸ். 'சன்ஸ்' என்பது எட்வின் ஒருவர்தான், அவர் படம் எங்கேயும் கிடையாது. இதை அவர் வேடிக்கையாகச் சொல்வார். அடிக்கடி சொல்வார்.

என்னை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்ததே பியூலாவின் பெயர்தான். எப்சிபா, பியூலா என்ற இரண்டு பெயரும் பைபிளில் ஒரே வசனத்தில் வரும். பெண் பார்க்க வந்த மாமா என் பெயர் ஹெப்சிபா என்றதும் ஜாதகம் பார்த்தவர் மாதிரி எழுந்துவிட்டார், "முடிச்சிருவோம்" என்று. எம்.காம். படித்தது அவருக்கு மூன்று வருடம் கழித்துத்தான் தெரியும்.

அதுவரை ஆடிட்டர் வந்தால் காபி போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அத்தை இறந்தபின் கம்பெனியில் ஒரு டைரக்டர் இடம் காலியானது. மாமா தம்பி மகனைப் போடப் பார்த்தார். பியூலா ஒற்றைக் காலில் நின்றாள். "வீட்டுக்குள்ளயே படிச்ச ஆள வச்சிக்கிட்டு வெளிய தேடுவாங்களாப்பா?" அப்படித்தான் எனக்கு ஒரு மேசையும் நாற்காலியும் கிடைத்தன. அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. வாயால் ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை.

செப்டம்பர் 8, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க நாத்தனா அந்தத் தெருவுக்குள்ள போய்ச் சாப்பிட்டாளாமே?" என்று ரகசியம் போலக் கேட்டார்கள். "ஆமா, நெத்திலிக் குழம்பு. நல்லாயிருந்துச்சாம்" என்றேன். அதற்கு மேல் பேச்சு வளரவில்லை.

வீட்டில் மத்தியானச் சாப்பாட்டின்போது வளர்ந்தது.

"ஏட்டி, குப்பக்காரன் பிரச்சினைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்றார் மாமா.

"நமக்கு ஒண்ணுமில்லப்பா. எனக்கு இருக்கு."

"நீ வேற, நாம வேறயா?"

"நான் வேற, கம்பெனி வேற. அதத்தான சொல்லுதேன்."

"பாக்கெட்டுல இருக்கிற மூஞ்சி யாருட்டி? என் மூஞ்சியா, உங்க அண்ணன் மூஞ்சியா?"

எட்வின் கறித்துண்டைத் தட்டில் உருட்டிக்கொண்டிருந்தார். பியூலா சிரித்துவிட்டாள். மாமா சிரிக்கவில்லை. கறி நன்றாக வெந்திருந்தது என்பதற்கு மட்டும் இன்று நன்றி.

செப்டம்பர் 10, செவ்வாய்

மூன்று கடைகள் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டன. நகர்மன்றத் தலைவரின் ஆட்கள் கடை கடையாகப் போய், பாப்பா மார்க் விற்றால் கடைக்கு முன்னால் குப்பை மலையாகும் என்று சொல்லியிருக்கிறார்கள். குப்பை ஏற்கெனவே மலையாகத்தான் இருக்கிறது, அது வேறு விஷயம். ஒப்பந்தக்காரர் தலைவருக்கு மச்சினன்.

விற்பனை மேனேஜர் தவமணி அண்ணாச்சி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். "யம்மா, கோவில்பட்டி வரைக்கும் சொல்லிவிட்டிருக்கானுவ. நம்ம பாப்பாகிட்ட நீங்க ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?"

சொல்கிறேன் என்றேன். சாயங்காலம் பிளாஸ்க் வாங்கப் பந்தலுக்குப் போனவள் வேறு ஏதோ பேசிவிட்டு வந்துவிட்டேன். மாரிக்கனி என்ற பெண் தன் விரல்களைக் காட்டினாள். கண்ணாடி கிழித்துக் கிழித்து ரேகையே இல்லை. ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்தால் அவளை ஆள் இல்லை என்கிறதாம். அதைச் சொல்லிவிட்டு அவளே சிரிக்கிறாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

இன்று பியூலா மேல் எனக்கே கோபம். பந்தலுக்குத் தண்ணீர் கேன் கொண்டுபோக கம்பெனி வேனை எடுத்திருக்கிறாள். வேனின் பக்கவாட்டில் ஆளுயரத்துக்குப் பாப்பா படம், அதன் மேல் போராட்டக் கொடி. யாரோ படம் பிடித்து எல்லாருடைய போனுக்கும் அனுப்பிவிட்டார்கள். 'பாப்பா இனி இந்தக் கட்சி' என்று மேலே ஒரு வரி.

எட்வின் குதித்தார். "கம்பெனி வேறங்கா, வேன் மட்டும் கம்பெனிதா?"

நியாயமான கேள்வி. அவளுக்குப் போன் செய்து, "வேனை அனுப்பிரு பியூலா" என்றேன். "ஸாரி மைனி, அவசரத்துல யோசிக்கல" என்று உடனே அனுப்பிவிட்டாள். கேன்களை எங்கள் வீட்டு ஸ்கூட்டரில் முன்னால் வைத்து நானே இரண்டு நடை கொண்டுபோய்ப் போட்டேன். ஸ்கூட்டர் என் பெயரில் இருக்கிறது.

செப்டம்பர் 13, வெள்ளி

மாமா தீர்ப்புச் சொல்லிவிட்டார். பியூலா பந்தலை விட்டு எழுந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டிலும் கம்பெனியிலும் தனக்குள்ள பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். 25ஆம் தேதி பதிவு அலுவலகத்தில் நேரம் வாங்கச் சொல்லிவிட்டார். "நாப்பது வருசம் ஊரு ஊரா சைக்கிள்ல போயி வித்த பேரு. அத ஒரு பந்தலுக்காகக் காத்துல விடமாட்டேன்" என்றார். அவரை எனக்குத் திட்டவும் வரவில்லை.

அதற்குள் ஊருக்கு ஒரு விளக்கம் கொடுக்க வேண்டுமாம், பேப்பரில். எழுத வேண்டியது நான்.

பியூலா இந்த வீட்டை விட்டுப் போய்விட்டால் என்ற நினைப்பை ஒதுக்கிவைத்துவிட்டு, துவைத்த துணியெல்லாம் மடித்தேன். மடித்ததையே திரும்பவும் மடித்தேன்.

செப்டம்பர் 14, சனி

எழுதினேன், கிழித்தேன். இன்று நன்றி எதுவும் தோன்றவில்லை. மன்னிக்கவும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

கடைசியில் நான்கு வரிதான் வந்தது. பியூலாவின் அரசியல் கருத்து அவளுடைய சொந்தக் கருத்து, கம்பெனிக்குக் கட்சி கிடையாது, அவள் எங்கள் பங்குதாரர், எங்கள் வீட்டு மகள். எட்வின் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது என்ன, பிறந்தநாள் வாழ்த்து மாதிரி இருக்கு. தொடர்பில்லன்னு எங்க வருது?"

"தொடர்பு இருக்குல்லாங்க."

"ஏ ஹெப்சி, ஊருக்குப் புரியணும்."

தவமணி அண்ணாச்சியைக் கூப்பிட்டு, "நம்ம வழக்கமா குடுக்கிற அறிவிப்பு மாதிரியே போட்டுருங்க" என்று சொல்லிவிட்டார். வழக்கமாக என்றால் எது என்று கேட்க நினைத்தேன். அடுப்பில் பால் பொங்கியது, எழுந்து போய்விட்டேன்.

செப்டம்பர் 17, செவ்வாய்

அந்தப் பேப்பரை இங்கே ஒட்ட மனமில்லை. வாசகத்தை மட்டும் எழுதி வைக்கிறேன்.

'பொது அறிவிப்பு. மேலே படத்தில் காண்பவர் ஞா. பியூலா, வயது 36. இவருக்கும் எங்கள் நிறுவனத்துக்கும் இன்று முதல் எவ்விதத் தொடர்பும் இல்லை. எங்கள் நிறுவனத்தின் பெயரைச் சொல்லி இவரிடம் யாரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள வேண்டாம். மீறினால் நிறுவனம் பொறுப்பல்ல.'

மேலே பாஸ்போர்ட் அளவில் அவள் படம். அலுவலக அடையாள அட்டையில் இருந்ததாம்.

இரண்டு வருடம் முன்னால் வசூல் பணத்தோடு ஓடிப்போன பிரதிநிதிக்குக் கொடுத்த அதே அறிவிப்பு. அண்ணாச்சி பெயரையும் வயதையும் படத்தையும் மாற்றி அனுப்பிவிட்டார். நம் ஊரில் பேப்பரைத் திறந்து இப்படி ஒரு படத்தைப் பார்த்தால் எல்லாருக்கும் ஒரே அர்த்தம்தான். கையாடல் செய்த ஆள்.

"வழக்கமானதுன்னு சொன்னாவ, நம்மகிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான" என்று அண்ணாச்சி அழாத குறையாக நின்றார். பாப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனவரே அவர்தான். பாவம், அவரைத் திட்டி என்ன ஆகப்போகிறது?

மாமா பேப்பரை மடித்துத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாருக்கும் தெரியாதாம்.

செப்டம்பர் 18, புதன்

தலைவரின் ஆட்கள் அந்த அறிவிப்பைப் பெரிதாக அச்சடித்துப் பந்தலுக்கு எதிரே சுவர் முழுக்க ஒட்டிவிட்டார்கள். 'அப்பன் கம்பெனியையே சுருட்டியவள் உங்களுக்கு என்ன வாங்கித் தருவாள்?'

பிளாஸ்க் வாங்கப் போனேன். இன்றைக்கு பிளாஸ்க் எதுவும் கொடுத்தனுப்பவில்லை என்பது போய்ச் சேர்ந்தபிறகுதான் நினைவுக்கு வந்தது.

பந்தலில் பாதிப் பேர்தான் இருந்தார்கள். பியூலா ஓரமாக, முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"சண்டக்காரின்னு போட்டிருக்கலாம், திமிர் பிடிச்சவன்னு போட்டிருக்கலாம். திருடின்னு போட்டுட்டீயளே மைனி."

"திருடின்னு அதுல இல்ல பியூலா" என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கே அசிங்கமாக இருந்தது.

"இவங்க இன்னும் என்னைய நம்புதாங்க. இவங்க வீட்டு ஆளுங்க கேக்காங்க, அந்த அக்கா எவ்வளவு எடுத்துச்சின்னு. நான் எந்திச்சிப் போயிட்டா இவங்களுக்குத்தான் நல்லது. போகவும் மனசு வரல."

மாரிக்கனி குறுக்கே வந்தாள். "அக்கா, நாங்க தெனமும் வாங்காத பேரா? இதுக்குப் போயி மூக்கச் சிந்திக்கிட்டு." பியூலாவின் முதுகில் ஒரு அடி வைத்தாள், நல்ல அடி. பியூலா அழுகையோடு சிரித்தாள். அந்தப் பெண்ணுக்கு நன்றி. அந்த அடியை நான் கொடுத்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 20, வெள்ளி

மாமாவிடம் மறுப்பு ஒன்று போடலாம் என்றேன். "அச்சுல வந்தது வந்ததுதான். இன்னைக்கு இல்லன்னு சொல்லி நாளைக்கு உண்டுன்னு சொன்னா ஊரு சிரிக்கும்" என்றார். எட்வினும், கொஞ்ச நாள் போகட்டும் என்கிறார். இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடுவதில்லை. இரண்டு பேருமே வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் தலையைத் தூக்குகிறார்கள்.

பியூலா பத்திரத்தில் கையெழுத்துப் போடச் சம்மதம் என்று செய்தி அனுப்பிவிட்டாள். மகளிர் விடுதியில் தங்கியிருக்கிறாள். அவள் அறையில் பல்லி கத்துகிறது.

கூடுதல் கூத்து: இப்போது தலைவருக்குப் பயப்படாத கடைகளிலும் சரக்கு தேங்குகிறது. 'பாப்பா படம் பார்த்து வாங்கவும், போலிகளைக் கண்டு ஏமாறாதீர்' என்று நாங்களேதான் முப்பது வருடமாகப் பாக்கெட்டில் போட்டுவைத்திருக்கிறோம். ஆறுமுகநேரிக் கடைக்காரர் கேட்கிறார், "பாப்பாவே உங்க ஆளு இல்லன்னுட்டீய. அப்ப இதுல எது போலி?" எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டீலரிடம் சிரிக்கக்கூடாது, போனை மூடிக்கொண்டு சிரித்தேன்.

முத்துப்பேச்சி இன்று அலுவலக வாசல் வரை வந்தாள். மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன நாளில் கிள்ளிய மிளகாயின் எடை குறைந்துவிட்டதால் கூலியும் குறைந்துவிட்டதாம். பியூலா வரட்டும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு பார்க்கிறேன் என்று மாற்றிச் சொன்னேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்று ஆராதனைக்குப் போகவில்லை. தூத்துக்குடியில் தைக்கக் கொடுத்திருந்த ரவிக்கை வாங்க பஸ்ஸில் போய்வந்தேன். தையல்காரர் ஞாயிறு கடை திறப்பதில்லை. பேப்பர் விளம்பரம் வாங்குகிறவர் திறந்திருந்தார்.

"யார் கையெழுத்து மேடம்? கம்பெனி கையெழுத்து இல்லாம வாங்கமாட்டோம்."

"நான் டைரக்டர்" என்றேன். சொன்னது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். அவர் அடையாள அட்டை கேட்டார், காட்டினேன். ரப்பர் ஸ்டாம்ப் கேட்டார். அதுவும் என் பையில் எப்படியோ இருந்தது.

போய்வந்ததில் தலைவலி. கூடுதலாக எதுவும் எழுதத் தோன்றவில்லை.

செப்டம்பர் 24, செவ்வாய்

வந்துவிட்டது. படம் இல்லாமல், நான் எழுதியபடி, ஒரு வார்த்தை குறையாமல்.

'எங்கள் நிறுவனத்தின் பங்குதாரரும் எங்கள் வீட்டு மகளுமான ஞா. பியூலாவின் அரசியல் அவருடைய சொந்த அரசியல். அது நிறுவனத்தின் அரசியல் அல்ல. அவருடைய போராட்டம் வேறு, எங்கள் கம்பெனி வேறு. கம்பெனியின் பெயரை அதில் இழுக்க வேண்டாம் என்று எல்லாத் தரப்பினரையும் கேட்டுக்கொள்கிறோம். 17ஆம் தேதி வெளிவந்த அறிவிப்பு தவறானது. அவர் நிறுவனத்துக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. அவருடைய நற்பெயருக்கு நேர்ந்த களங்கத்துக்கு அவரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கிறோம். - எ. ஹெப்சிபா, டைரக்டர், ஞானதிரவியம் அன் சன்ஸ்.'

எட்வின் நின்றபடியே படித்தார். "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"கேட்டா வேண்டாம்னுருப்பீங்க."

"ஆமா" என்றார். பேப்பரை மடித்து என்னிடம் நீட்டினார். "அவ பொறந்தப்ப ஆஸ்பத்திரில இருந்து மடில வச்சிக் கொண்டாந்தது நான்தான், தெரியுமா? அப்பா வண்டி ஓட்டினாவ." தெரியாது. பதினெட்டு வருடத்தில் இதை அவர் சொன்னதில்லை.

மாமாவிடம் நானே பேப்பரைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

"யாரு எழுதினது?"

"நான்தான் மாமா."

"யாரு கேட்டு?"

"கேக்கல மாமா. டைரக்டர்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

அவர் மேலும் ஒருமுறை படித்தார். "படம் போடலியா?"

"வேண்டாம்னு விட்டுட்டேன். அவ படம்தான் வீட்டுக்கு வீடு அடுப்பங்கரைல இருக்குல்லா மாமா."

மாமா பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார். பேப்பர் ஆடியது. நான் அங்கிருந்து வந்துவிட்டேன். மத்தியானம், "நாளைக்குப் பதிவு ஆபீசுக்கு யாரும் போகவேண்டாம். பிள்ளைய சாப்பிட வரச் சொல்லு" என்று அடுக்களைப் பக்கம் பார்த்துச் சொன்னார், அங்கே யாரோ இருப்பது போல.

செப்டம்பர் 25, புதன்

பியூலா வந்தாள்! மீன் குழம்பு வைத்தேன், கொஞ்சம் உப்பு கூடிவிட்டது. யாரும் குறை சொல்லவில்லை, நிஜமான அதிசயம் அதுதான்.

சாப்பிட்டபின் அவள் பையிலிருந்து வேன் சாவி, அலுவலக அறைச் சாவி, கம்பெனி போன் எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

"அண்ணே, வேன எடுத்தது என் தப்பு. நான் பந்தல்ல இருக்கிற வரைக்கும் கம்பெனி சாமான் ஒண்ணையும் தொடமாட்டேன். ஆபீசுக்கும் வரமாட்டேன். பங்கு என் பங்கு, அத விடமாட்டேன். என் வாயையும் விடமாட்டேன்."

"செட்டையும் ஆளுங்களையும் யாரு பாத்துக்கிடுவா?" என்றார் எட்வின்.

"மைனி பாத்துக்கிடுவாவ" என்றாள், என்னைக் கேட்காமலே. அந்தப் பழக்கம் அவளுக்கு மாறாது.

மாமா தொண்டையைச் செருமினார். "பாக்கெட்டுல இருக்கிற மூஞ்சிய என்ன செய்ய?"

"அது ரெண்டு வயசு மூஞ்சிப்பா. அதுக்கு ஒரு அரசியலும் கிடையாது. நீங்களே வச்சிக்கிடுங்க."

மாமா சிரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு. அவர் சிரித்தது போதும் எனக்கு.

அவள் புறப்படும்போது வாசலில், டைரக்டர் நாற்காலிக்காக இத்தனை வருடம் சொல்லாத நன்றியை ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். "அது ஒரு நாற்காலி மைனி. அதுக்கு இப்பமா?" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள். சொன்னபின் நெஞ்சு லேசாக இருக்கிறது.

செப்டம்பர் 28, சனி

சுவரில் ஒட்டியிருந்த பழைய அறிவிப்பின் மேல் என் அறிவிப்பைப் பந்தல் பெண்கள் ஒட்டிவிட்டார்களாம். பந்தல் நிறைந்துவிட்டது. பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், பார்க்கலாம். கடைகளில் பாதி திரும்பி வந்துவிட்டது, பாதி வரவில்லை. எட்வின் அந்தப் பேப்பரில் ஒரு கட்டு வாங்கி வந்து, டீலர்களுக்கு அனுப்பச் சொல்லி என் மேசையில் வைத்தார். அவருக்கு நன்றி.

செட்டில் தகரம் மாட்ட ஆள் வரச் சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 30, திங்கள்

காலையில் அலுவலகக் கதவருகே செருப்புச் சத்தம். நிமிர்ந்தால் முத்துப்பேச்சி. அவளுக்குப் பின்னால் செட்டுப் பெண்கள் எல்லாரும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, வராந்தா நிறைய. மிளகாய் நெடி உள்ளே வந்து நான் தும்மினேன். யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள்.

"யம்மா, பேப்பர்ல வந்தத எம்மக படிச்சிக் காட்டினா. பாப்பா அக்கா போராட்டம் வேற, கம்பெனி வேறன்னு கையெழுத்துப் போட்டது நீங்கதான?"

"ஆமா, நான்தான்."

"அப்பச் சரி. நாங்க ஒண்ணு கேக்கணும். அக்காகிட்ட கேட்டா அது போராட்டம்னு ஆயிரும். கம்பெனிக்குக் கெட்ட பேரு. அதான் கம்பெனிகிட்டயே கேட்டுருவோம்னு வந்தோம்."

பழக்கதோஷம், எனக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். சுவரும் காலண்டரும்தான் இருந்தன.

உட்காருங்கள் என்றேன். யாரும் உட்காரவில்லை. நான் எழுந்து நாற்காலியை ஒதுக்கிவிட்டு வராந்தாப் படியில் போய் உட்கார்ந்தேன். அதன்பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். எடைக்குக் கூலி வேண்டாம், நாள் கூலி வேண்டும். பதிவேட்டில் பெயர் வேண்டும், பி.எஃப். வேண்டும். கைக்கு உறை வேண்டும். குப்பை அள்ளுகிறவர்கள் பந்தலில் கேட்பதுதான். அதையெல்லாம் நான் பந்தல் ஓரத்தில் நின்று கேட்டிருக்கிறேன், தலையாட்டியிருக்கிறேன், பாவம் என்று பெருமூச்சு விட்டிருக்கிறேன். நம்முடைய செட்டு ஒருநாளும் நினைவுக்கு வரவில்லை.

"உறை நாளைக்கே வரும். மத்ததுக்கு நான் வீட்ல பேசணும். வெள்ளிக்கிழமை நானே செட்டுக்கு வந்து சொல்லுதேன். முடியாதுன்னு சொல்ல வேண்டியது வந்தாலும் நானேதான் வந்து சொல்லுவேன்."

"அது போதும்" என்றாள் முத்துப்பேச்சி. "முடியாதுன்னு மட்டும் சொல்லிராதீய."

அவர்கள் போனபின் வெகுநேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். பயமாக இருக்கிறது. என்னைத் தேடி வந்தார்களே என்று சந்தோஷமாகவும் இருக்கிறது. இன்றைய நன்றி அவர்களுக்குத்தான். மாமாவிடம் சாப்பாட்டு நேரத்தில் பேசப் போகிறேன், எட்வினிடம் அதற்கு முன்னால். இரண்டு பேரும் குதிப்பார்கள், குதிக்கட்டும்.

பியூலா சாயங்காலம் போன் செய்தாள். என்ன விசேஷம் மைனி என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். அவளிடம் சொல்லப் போவதில்லை. அவளுக்கும் இதற்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை, இது கம்பெனி விஷயம்.